கதவு தரையில் போட்ட கோடு: இதைக் கலை என்று சொல்லலாமா?

ஒரு வாசகரின் கேள்வி, பிப்ரவரி 9

அன்றாடப் பொருட்களில் கலையைப் பார்க்கிறேன் என்று சொல்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. யாரும் அழகுக்காகச் செய்யாத ஒன்று, யாரும் பார்க்க வேண்டும் என்று வைக்காத ஒன்று எப்படிக் கலையாகும்? பழைய சாமானைப் பார்த்து உருகுவது பார்ப்பவரின் மனநிலைதானே தவிர, அந்தச் சாமானில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஒரே ஒரு பொருளைச் சொல்லுங்கள், எதனால் அழகு என்றும் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

ஒரே ஒரு பொருள் என்றால், எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவு. சரியாகச் சொன்னால் கதவு இல்லை, அது தரையில் போட்டிருக்கும் கோடு.

மூன்று வருடமாகக் கதவு இறங்கிக் கிடக்கிறது. திறக்கும்போதெல்லாம் கீழ் மூலை சிமெண்ட் தரையில் உரசும், வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது மாலை வெயில் ஜன்னல் வழியாகத் தாழ்ந்து உள்ளே வந்து ஈரத்தரையில் படிந்திருந்தது. அப்போதுதான் அந்தக் கோட்டை முதல்முறையாகப் பார்த்தேன், மூன்று வருடம் அதன்மேல் நடந்த பிறகு. கால் வட்டம். ஒரே கோடாக இல்லாமல், ஒன்றோடொன்று ஒட்டியும் விலகியும் போகும் நூறு மெல்லிய கோடுகளாக இருந்தது. வாசல் பக்கம் மயிரிழை போலத் தொடங்கி, கதவு மூன்றில் இரண்டு பங்கு திறக்கும் இடத்தில் அடர்ந்து வெளுத்து, அதன்பின் மறுபடி மெலிந்து சுவரோரம் காணாமல் போகிறது. தூரிகையில் அழுத்தம் கூட்டிக் குறைத்துப் போட்டது போல இருந்தது.

ஏன் அங்கே மட்டும் அடர்த்தி என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தெரியும். அந்த அறையின் விளக்கு சுவிட்ச் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. கதவை முழுசாகத் திறந்தால் சுவிட்ச் மறைந்துவிடும். அதனால் எல்லோரும் முக்கால்வாசிகூடத் திறக்காமல் நிறுத்தி, உடம்பை நுழைத்து, கையைப் பின்னால் விட்டு விளக்கைப் போடுவோம். மூன்று வருடத்தின் அந்த ஒரே அசைவு தரையில் பதிந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தின் பழக்கத்தை யாரும் நினைக்காமல் வரைந்த படம் இது. இதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

பிப்ரவரி 9, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

ஒரு திருத்தம். "நூறு கோடுகள்" என்று எண்ணாமல் எழுதிவிட்டேன். டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்து எண்ணினேன். அடர்ந்த இடத்தில் 23 வரை பிரித்து எண்ண முடிந்தது, அதற்குமேல் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுகிறது. அதே இடத்தில் குறுக்காகவும் நாலைந்து சின்னக் கீறல்கள் உள்ளன. கட்டிலை இழுத்துப் போட்டபோது விழுந்தவையாக இருக்கும், அவற்றை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

டார்ச் யோசனையை மற்றவர்களும் முயன்று பார்க்கலாம். தேய்மானம், கீறல், சொட்டைகள் இதையெல்லாம் நேரே மேலிருந்து வரும் வெளிச்சம் அழித்துவிடும். பக்கவாட்டில் தாழ்வாக வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல் கிடைக்கிறது. தேய்ந்த கல்வெட்டைப் படிப்பவர்களும் இப்படித்தான் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்ப்பார்கள்.

பிப்ரவரி 11

"யாரும் கலையாக நினைத்துச் செய்யாதது எப்படிக் கலையாகும்" என்ற கேள்விக்குக் கலை உலகம் 1917லேயே பதில் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷான் பீங்கான் சிறுநீர்க் கோப்பை ஒன்றை வாங்கி, படுக்கவைத்து, "ஆர். மட்" என்று கையெழுத்துப் போட்டு நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். பணம் கட்டிய எவருடைய படைப்பையும் ஏற்போம் என்று அறிவித்திருந்தவர்கள் அதை மட்டும் வைக்க மறுத்தார்கள். அதற்கு முன்பே 1913ல் சைக்கிள் சக்கரத்தை முக்காலியில் பொருத்தியிருந்தார், 1914ல் பாட்டில் உலர்த்தும் கம்பிச் சட்டம். சாதாரணப் பொருளில் அழகு இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

பிப்ரவரி 12, காலை

நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. டூஷான் அந்தப் பொருட்களை அழகு என்பதற்காகத் தேர்ந்தெடுக்கவே இல்லை. பிடிக்கவும் பிடிக்காத, வெறுக்கவும் தோன்றாத பொருளாகப் பார்த்துத்தான் எடுத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். கண் எந்தப் பக்கமும் சாயாத பொருள்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அவர் என் கட்சி இல்லை. கேள்வி கேட்டவரின் கட்சிக்குத்தான் கொஞ்சம் நெருக்கம்.

என் கட்சிக்காரர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன். 1925ல் மெக்சிகோவில் இருந்தபோது தன் வீட்டுக் கழிப்பறைப் பீங்கானைத் தரைமட்டத்தில் கேமராவை வைத்துப் படம் எடுத்தார். எட்டு வருட இடைவெளி, ஏறக்குறைய ஒரே சாமான். ஒருவர் அழகைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்று அதைக் கையில் எடுத்தார், இன்னொருவர் அந்த வளைவின்மேல் உண்மையாகவே மயங்கிப் போனார். வெஸ்டன் படத்தில் அடிப்பாகம் வீங்கி ஒடுங்கி மேலே ஏறுவதைப் பார்த்தால் மனித உடம்பின் நினைவு வரும். அந்த வளைவு தண்ணீர் ஓடுவதற்காகவும் அழுக்கு தங்காமல் இருப்பதற்காகவும் வந்த வளைவு.

பிப்ரவரி 14

என் மேசைமேல் ஒரு பழைய பால் பேரிங் இருக்கிறது, அச்சு உராயாமல் சுழல்வதற்காக உள்ளே இரும்புக் குண்டுகள் வைத்த வளையம், காகிதம் பறக்காமல் இருக்க வைத்தது. சுழற்றிவிட்டால் ஒரு நிமிஷம் ஓசையில்லாமல் சுற்றும். ஒவ்வொரு குண்டிலும் ஜன்னல் ஒன்று தெரியும், எல்லா ஜன்னல்களும் சேர்ந்து ஊர்வலம் போகும். அந்தப் பளபளப்பை யாரும் அழகுக்காகக் கொடுக்கவில்லை. உராய்வு குறைய வேண்டும், அதற்குக் குண்டு வழுவழுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவு வழுவழுப்பான இரும்பு கண்ணாடியாகிவிடுகிறது.

1934ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஃபிலிப் ஜான்சன் இயந்திரக் கலை என்று ஒரு கண்காட்சி வைத்தார். சுருள்வில், கப்பல் விசிறி, சமையல் பாத்திரம், ஆய்வுக்கூடக் குடுவை எல்லாவற்றையும் சிலைகளைப் போலப் பீடத்தில் ஏற்றினார். ஸ்வீடன் பொறியாளர் ஸ்வென் விங்க்விஸ்ட் 1907ல் வடிவமைத்த பேரிங்கும் அதில் இருந்தது, இன்றும் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்த பேரிங்கின் உள்விஷயம் தெரிந்தால் இன்னும் பிடிக்கும். வெளி வளையத்தின் உட்பக்கம் ஒரு கோளத்தின் துண்டு, அதில் இரண்டு வரிசைக் குண்டுகள். அதனால் அச்சு கொஞ்சம் சாய்ந்தாலும் குண்டுகள் அதோடு சேர்ந்து சாய்ந்து சிக்காமல் ஓடும்.

ஆனால் எழுதும்போதே ஒன்று இடிக்கிறது. பேரிங்கை ஒருவர் யோசித்து வரைந்தார். கோப்பையையும் ஒருவர் வரைந்துதான் அச்சு செய்தார்கள். என் கதவுக்கோட்டை ஒருவரும் வரையவில்லை. நல்ல வடிவமைப்பு அழகாக இருப்பதில் என்ன அதிசயம்? கேள்வி கேட்டவர் அதைக் கேட்கவும் இல்லை. நான் பேச வேண்டியது யாருடைய திட்டத்திலும் இல்லாமல் வந்து சேர்ந்ததைப் பற்றி.

பிப்ரவரி 15

அப்படியானால் பீங்கான் குவளை. வீட்டில் ஒன்று இருக்கிறது, வெள்ளை நிறம், உட்புறமெல்லாம் வலை போல மெல்லிய விரிசல். தூக்கிப் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை எடுத்து வைத்தேன், இரண்டு முறையும் திரும்ப அலமாரிக்கே வந்துவிட்டது. நேற்று முழு மதியமும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விரிசல் எப்படி வருகிறது என்றால், சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது மேல்பூச்சு உள்ளிருக்கும் மண்ணைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கப் பார்க்கிறது. மண் விடாது. பூச்சு இழுபட்டு நிற்கும், ஒரு நாள் கீறிக்கொள்ளும். சில சமயம் சூளையைவிட்டு வந்த உடனே, சில சமயம் மாதக்கணக்கில் கழித்து. முதல் விரிசல் நீளமாக ஓடும். அது விழுந்ததும் அதற்குக் குறுக்காக இருந்த இழுவிசை தளர்ந்துவிடும், அதன் நீளவாக்கில் இருக்கும் இழுவிசை மட்டும் மிச்சம் இருக்கும். அதனால் அடுத்து வரும் விரிசல் பழையதைத் தொடும்போது திரும்பி, செங்குத்தாக வந்து முட்டி நின்றுவிடும். தாண்டாது.

இது தெரிந்தால் குவளையைப் படிக்கலாம்! எங்கே ஒரு விரிசல் இன்னொன்றில் முட்டி நிற்கிறதோ, நின்றது இளையது, நிற்காமல் போவது மூத்தது. பென்சிலும் காகிதமும் எடுத்து ஒவ்வொரு சந்திப்பாகக் குறித்துக்கொண்டே போனேன். கண் வலித்தது, கழுத்தும் வலித்தது. கடைசியில் எல்லாவற்றுக்கும் மூத்த ஒன்று கிடைத்தது. கைப்பிடி ஒட்டியிருக்கும் இடத்துக்கு நேர் உள்ளே தொடங்கி, அடிவரை சாய்ந்து இறங்கி, மறுபக்கம் ஏறி விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது. மற்ற அத்தனையும் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வருடக்கணக்காகக் குடித்த பானங்களின் நிறம் மூத்த விரிசல்களில் அடர்பழுப்பாக ஏறியிருக்கிறது, இளையவற்றில் வெளிர்மஞ்சள். வம்சாவளியை நிறம் பிரித்து எழுதி வைத்தது போல.

வறண்ட குளத்து மண்ணிலும் இதே கதைதான் என்று எழுதப் போனேன், முழுக்கச் சரியில்லை. முதல்முறை காயும் சேற்றில் இப்படிச் செங்குத்தாக முட்டும் வெடிப்புகள்தான் வரும். அதே சேறு நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, காய்ந்தால் வெடிப்புகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இடம் மாறி, சந்திப்புகள் மூன்று பக்கமும் சமமாக விரியும் கவட்டை போல ஆகி, அறுகோணத்தை நோக்கிப் போகும். குவளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு முறை விழுந்த கோடு அதற்கு விழுந்ததுதான்.

பிப்ரவரி 16

சின்னக் குறிப்பு. ஒளிபுகும் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்று, மடிக்கணினித் திரை, வெயிலுக்குப் போடும் போலராய்டு கண்ணாடி. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். கண்ணாடியைக் கழற்றித் திரைக்கு முன்னால் பிடித்துத் திரை கறுக்கும் வரை திருப்புங்கள். இப்போது திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அளவுகோலைக் காட்டுங்கள்.

மயில்கழுத்து நிறம் எல்லாம் வரும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாய்ந்து உறைந்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட இழுவிசைதான் நிறமாகத் தெரிகிறது. பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த ஓட்டைக்கு அருகே பட்டைகள் நெருக்கமாக இருக்கும். கையால் வளைத்தால் பட்டைகள் நகரும். ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் பிரூஸ்டர் 1816 வாக்கிலேயே அழுத்தப்பட்ட கண்ணாடியில் இந்த நிறங்களைக் கண்டு எழுதிவிட்டார். கணினி வராத காலத்தில் பொறியாளர்கள் பாலத்துக்கும் இயந்திர உறுப்புக்கும் இப்படி ஒளிபுகும் மாதிரி செய்து, எங்கே பளு சேர்கிறது என்று நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள்.

"இது இயற்பியல், கலை எங்கே?" என்று கேட்பவருக்கு: அளவுகோலை வளைத்துப் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

பிப்ரவரி 20

தோல்வியையும் சொல்ல வேண்டும். எதைப் பார்த்தாலும் அழகு கிடைத்துவிடும் என்பது போல இந்தப் பக்கம் ஆகிக்கொண்டு வந்தது, எனக்கே அது பிடிக்கவில்லை. அதனால் போன் சார்ஜரின் கறுப்புக் கட்டையை எடுத்து மேசையில் வைத்து நாளுக்குப் பத்து நிமிஷம் பார்த்தேன். வெயிலில், டார்ச்சில், தலைகீழாக. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு தெரிந்தது. முள் அருகே மின்பொறி பட்ட மெல்லிய கருக்கல் தெரிந்தது. எப்படிச் செய்திருப்பார்கள் என்று புரிந்தது, ஆனால் மனசு அசையவில்லை.

குவளையில் விரிசல் ஏன் வருகிறது என்று தெரிந்ததும் அழகு கூடியது, சார்ஜரில் எல்லாம் தெரிந்தும் ஒன்றும் கூடவில்லை. ஆக, தெரிந்துகொண்டால் அழகு வந்துவிடும் என்று 15ஆம் தேதி நான் உள்ளூர நினைத்தது தப்பு. சார்ஜரை அழகு என்று வலிந்து சொன்னால் கதவுக்கோட்டுக்கு நான் செய்யும் துரோகம் அது.

பிப்ரவரி 22, இரவு

இன்று தச்சர் வந்தார். கதவைச் சரிசெய்யச் சொல்லி வீட்டில் எல்லோரும் நச்சரித்ததால் கூப்பிட்டேன். மேல் கீலில் ஸ்க்ரூ கடித்துக்கொள்ள மரமே இல்லை, பொடியாக உதிர்ந்துவிட்டது. ஓட்டையில் மரக்குச்சி அடித்து, நீளமான ஸ்க்ரூ போட்டுக் கதவைத் தூக்கி நிறுத்தினார். அரை மணிநேர வேலை. சத்தம் போய்விட்டது.

கோட்டைக் காட்டினேன். சுவிட்ச் கதையையும் சொன்னேன், எங்கள் பழக்கம்தான் அங்கே அடர்த்தியாக விழுந்திருக்கிறது என்று. அவர் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. "தரை இங்க தூக்கியிருக்குங்க. கதவு எங்க நின்னாலும் இந்த இடத்துலதான் கீறும்."

குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஆமாம், லேசான மேடு. கை வைத்தால் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 23

இரண்டு நாளாக அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று எழுத வந்தேன், ஒரு நாள்தான் ஆகிறது. இரண்டு நாள் போலத் தோன்றுகிறது.

எங்கள் குடும்பத்தின் பழக்கம், யாரும் நினைக்காமல் வரைந்த படம் என்றெல்லாம் முதல் நாள் எழுதியது பொய்யாகிவிட்டது. தரை போட்டவர் மட்டப்பலகையை இழுக்கும்போது கை கொஞ்சம் தூக்கிவிட்டது, அவ்வளவுதான். "பார்ப்பவரின் மனநிலை" என்று கேள்வியில் இருந்த வார்த்தை இப்போது சுடுகிறது. நான் அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை, அதன்மேல் என் கதையை விரித்துப் போட்டுவிட்டு அந்தக் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 27

கதவு இப்போது எந்தச் சத்தமும் இல்லாமல் கோட்டுக்கு மேலே போகிறது. கோடு இனி வளராது. இன்று மாலை வெயில் வந்த நேரத்தில் போய் உட்கார்ந்தேன்.

கதை போய்விட்டது, கோடு போகவில்லை. மேடு இருக்கிறது என்று தெரிந்த பிறகு பார்த்தால், கோடுகள் மேட்டில் ஏறும்போது அகன்று இறங்கும்போது ஒடுங்குவது தெரிகிறது. மலைக்கு வரைபடத்தில் உயரக்கோடு போடுவார்களே, அது மாதிரி. கண்ணுக்குத் தெரியாத மேட்டைக் கதவு மூன்று வருடம் தடவித் தடவி வரைந்து காட்டியிருக்கிறது. முன்பு பார்த்ததைவிட இது இன்னும் நுணுக்கமாக இருக்கிறது. ஆனால் இதுவும் நான் விரிக்கும் இன்னொரு கதையா என்று பயமாகவும் இருக்கிறது. ரசமட்டம் பொய் சொல்லாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சுவர்க்கறையைப் பார்த்து மலை, ஆறு, போர்க்களம் எல்லாம் காணலாம் என்று லியோனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு எழுதிவைத்தார். கற்பனையைக் கிளறுவதற்கு அது நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் அங்கே கறை ஒரு ஏணி, ஏறியதும் உதைத்துவிடலாம். பிளக் பாயிண்ட்டில் முகம் தெரிகிறது என்று சிரிப்பதும் அப்படித்தான், அடுத்த நிமிஷம் பிளக் பாயிண்ட் மறந்துவிடும். எனக்குக் கறை கறையாகவே வேண்டும்.

பிப்ரவரி 28

நேற்றைய கடைசி வரி கொஞ்சம் கடுமை. தங்கை மகள் வந்திருந்தாள், ஆறு வயது. தரையைக் காட்டி "மாமா, கதவு விசிறி வரைஞ்சிருக்கு" என்றாள். மனிதர் வரைந்தார் என்று சொல்லவில்லை, வரைந்தது போல இருக்கிறது என்றும் சொல்லவில்லை. யார் வரைந்தது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. அவளுக்கு விசிறியும் தெரிகிறது, கோடும் தெரிகிறது.

மார்ச் 2

செய்தவர் நினைக்காதது எப்படிக் கலையாகும் என்பதற்கு என்னிடம் இருக்கும் மிக நல்ல உதாரணம் ஒரு கிண்ணம். கிசாயெமோன் கிண்ணம் என்று பெயர். கொரியாவில் பெயர் தெரியாத குயவர் ஒருவர் அன்றாடப் பயன்பாட்டுக்குச் சக்கரத்தில் வேகமாக இழுத்துப் போட்டது என்பார்கள். வடிவம் கொஞ்சம் கோணல், பூச்சு அடியில் திரண்டு சொரசொரப்பாக இருக்கும். ஜப்பானியத் தேநீர்க் கலைஞர்கள் கண்ணில் பட்டு, கைமாறிக் கைமாறி, இன்று கியோட்டோவில் ஒரு கோவிலில் தேசியச் செல்வமாக இருக்கிறது. ஜப்பானியச் சிந்தனையாளர் யானகி சோயெட்சு இந்தக் கிண்ணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பெயரில்லாத கைகள் செய்த சாதாரணச் சாமான்களுக்கு 1925ல் "மிங்கெய்" என்று தன் நண்பர்களோடு சேர்ந்து பெயர் வைத்து, 1936ல் டோக்கியோவில் அவற்றுக்காகவே ஓர் அருங்காட்சியகம் திறந்தவர். அழகாகச் செய்ய வேண்டும் என்ற நினைப்பே இல்லாததால்தான் அது அவ்வளவு அழகு என்பது அவர் வாதம்.

பாதிதான் ஒப்புக்கொள்வேன். குயவர் நினைக்கவில்லை, சரி. ஆயிரக்கணக்கான கிண்ணங்களில் இதை எடுத்துவைத்தவர் நினைத்தாரே? எடுத்த கையையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? இன்னொன்று, அந்தக் கிண்ணம் இப்போது பெட்டிக்குள் பெட்டியாக வைத்துக் காக்கப்படுகிறது. எதனால் அழகானதோ அந்த வாழ்க்கை அதற்கு முடிந்துவிட்டது. பீடத்தில் ஏற்றிய சுருள்வில்லும் அப்படித்தான். என் கதவும் இப்போது கோட்டைத் தொடுவதில்லை, அதனாலோ என்னவோ இது மனசைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 8

ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925ல் தேய்ந்த மரத்தரையின்மேல் காகிதத்தை வைத்துக் கரும்பென்சிலால் தேய்த்து எடுத்தார், அதிலிருந்து காடுகளும் பறவைகளுமாக ஒரு பெரிய வரிசையே வந்தது. நாணயத்தின்மேல் காகிதம் வைத்துத் தேய்த்த எல்லோரும் செய்திருக்கும் வேலைதான். எனக்கு ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

தரையைத் துடைத்துக் காயவிட்டு, நான்கு தாள்களை ஒட்டி விரித்து, பென்சில் முனையைப் படுக்கவைத்து ஒரு மணிநேரம் தேய்த்தேன். முழங்கால் மரத்துப்போனது. மேடு கறுப்பாக வந்தது, கீறல்கள் அதன் நடுவே வெள்ளையாக நின்றன, இரவு வானத்தில் எரிகல் விழுந்த மாதிரி.

தாளை எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது, எங்கே நிறுத்துவது எல்லாம் நான் முடிவு செய்தவை. ஆக, இது கதவு வரைந்ததா, நான் வரைந்ததா என்று கேட்டால் இப்போது பதில் சொல்வது கஷ்டம்.

தாளில் இன்னொன்று தெரிகிறது. முதல் நாள் எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டேனே, குறுக்குக் கீறல்கள், கட்டில் கால் என்று நினைத்தவை. அவை நேராக இல்லை. வளைகின்றன. எதிர்ப்பக்கம் வளைகின்றன.

மார்ச் 9, காலை

தூக்கமே வரவில்லை. விடிந்ததும் நூலை எடுத்துக்கொண்டு போனேன்.

கதவின் அகலம் 81 செ.மீ. கீல் இருக்கும் நிலைச்சட்டத்தில் நூலைப் பிடித்து மறுமுனையைச் சுழற்றினால் பழைய கோட்டின்மேல் அச்சாகப் போகிறது, அது எதிர்பார்த்ததுதான். பிறகு அதே நீளத்தை எதிர்ப்பக்கச் சட்டத்தில், தாழ்ப்பாள் விழும் பக்கத்தில் பிடித்துச் சுழற்றினேன். குறுக்குக் கீறல்கள் ஐந்தின் மேலும் நூல் படுத்துக்கொண்டது.

கட்டில் இல்லை. கதவு. இந்த வீட்டுக்கு நாங்கள் வருவதற்கு முன்னால் எப்போதோ கதவு அந்தப் பக்கம் மாட்டியிருந்திருக்கிறது, அப்போதும் இறங்கியிருக்கிறது, அப்போதும் அதே மேட்டில் மட்டும் கீறியிருக்கிறது. மேட்டுக்கு வெளியே அந்தக் கோடு தேய்ந்து போயிருக்க வேண்டும், மேட்டில் மட்டும் தங்கிவிட்டது. தச்சர் சொன்னது இரண்டாம் முறையும் சரி.

சுவிட்ச்! கதவுக்குப் பின்னால் யார் சுவிட்ச் வைப்பார்கள் என்று இத்தனை வருடம் அலுத்துக்கொண்டோம். வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். அப்போது அது கதவு திறக்கும் பக்கம், உள்ளே கால் வைத்ததும் கைக்கு எட்டும் இடம்.

மார்ச் 9, மதியம்

இரண்டு கால்வட்டங்களையும் சாக்கட்டியால் முழுசாக வரைந்து முடித்தேன். ஒன்றின் மையம் இந்தச் சட்டத்தில், இன்னொன்றின் மையம் அந்தச் சட்டத்தில், இரண்டுக்கும் ஒரே ஆரம், அந்த ஆரமே மையங்களுக்கு நடுவே உள்ள தூரம். இரண்டும் மேட்டின் உச்சியில் சந்திக்கின்றன. சந்திப்பிலிருந்து இரண்டு சட்டங்களுக்கும் நூலைப் பிடித்தால் சமபக்க முக்கோணம். பழைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிட்டின் வடிவியல் நூலில், முதல் பகுதியின் முதல் வரைதல் இதுதான். ஐரோப்பிய தேவாலயங்களின் கூர்வளைவு ஜன்னல்களில் ஒரு வகையும் இதே இரண்டு வட்டத்துண்டுகளால் ஆனது. கணக்குப்படி வாசலிலிருந்து சந்திப்பு 70 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். டேப் வைத்தேன். 70.

மார்ச் 9, மாலை

தாழ்ப்பாள் பக்கச் சட்டத்தில் பெயிண்டுக்கு மேலேயே விரலை ஓட்டிப் பார்த்தேன். தலை உயரத்தில் ஓர் இடம் லேசாகக் குழிந்திருக்கிறது, இடுப்பு உயரத்தில் இன்னொன்று. கீல் பதித்த பள்ளங்களைப் பட்டி வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பட்டி காய்ந்து சுருங்கியதில் ஓரம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. கீழே மூன்றாவது ஒன்று இருந்திருக்க வேண்டும், அது மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் பெயிண்ட் தடிமன். வெளிச்சம் போய்விட்டது, நாளைக்கு டார்ச்சைப் படுக்கவைத்து அடித்துப் பார்க்கிறேன்.